அருணகிரி மிதிக்கிற பக்கம்

ஆரணியில் பட்டு நெய்கிறவர்கள் சேலையைக் கொடுத்துவிட்டு அருணகிரியின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அந்த முகம் சுளிக்காமல் இருந்தால்தான் அடுத்த சேலைக்குப் பட்டு கிடைக்கும். கடைத்தெருவில் ஒரு பட்டு முதலாளியிடம் சேலை பார்க்கிற வேலை அவருக்கு. நெசவாளி வீட்டுக்குப் பட்டும் ஜரிகையும் எடை போட்டுத்தான் போகும். சேலையாகத் திரும்பி வரும்போதும் தராசில் ஏறித்தான் உள்ளே வரும். எடை கொஞ்சம் குறைந்தால் அருணகிரி பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டார். நூல் அறுந்திருக்கும், கழிவு போயிருக்கும், மனுஷன் செய்கிற வேலைதானே. எடை கூடினால்தான் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கொடுத்ததைவிட வந்தது அதிகம் என்றால், நடுவில் யாரோ பட்டை உருவிக்கொண்டு கஞ்சியைப் போட்டு ஈடுகட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இருபது வருஷத்தில் இந்த முடிவு ஒருமுறைகூடத் தப்பியதில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். தப்பியதா என்று கேட்கிற தைரியம் வேறு யாருக்கும் இல்லை.

கடையில் பிடித்த சந்தேகம் வீடு வரைக்கும் கூடவே வந்தது. பாலை விரலில் தொட்டு நகத்தில் விட்டுப் பார்ப்பார். மணி என்ன என்று தெருவில் ஒருவரைக் கேட்டால், பத்தடி தள்ளிப் போய் இன்னொருவரையும் கேட்பார். “எங்கழுத்துத் தாலியையும் ஒரு தபா உரசிப் பாத்துடுங்க, மனசு ஆறட்டும்” என்று அவர் மனைவி பூங்காவனம் கேலி செய்வாள். கல்யாணமான மூன்றாம் மாதமே அவர் அதை உரசிப் பார்த்துவிட்டார் என்பது அவளுக்குத் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்ட மனுஷன் படகு கட்டினார். அதுவும் கடலுக்கு எழுபது மைல் உள்ளே, ஆற்றில் வருஷத்துக்குப் பத்து மாதம் மணல் ஓடுகிற ஊரில்.

எழுபத்தெட்டாம் வருஷம் பம்பாயிலிருந்து சாயப்பெட்டி ஒன்று கடைக்கு வந்தது. டப்பாக்கள் உடையாமல் இருக்க வெளிநாட்டுப் பத்திரிகைத் தாள்களைச் சுருட்டி இடையில் திணித்திருந்தார்கள். அதில் நான்கு தாள்களை அருணகிரி நீவி எடுத்து வைத்துக்கொண்டார். டிரைமரன் என்று தலைப்புப் போட்டு, பிளைவுட்டில் கட்டுகிற ஒரு சின்னப் பாய்மரப் படகின் படம். நடுவில் ஆள் உட்கார ஒரு உடல். இரண்டு பக்கமும், கைநீட்டித் தாங்குவது மாதிரி, மூடிய மிதவை ஒன்று ஒன்று. குறுக்கே இரண்டு சட்டங்கள் மூன்றையும் சேர்த்துப் பிடித்திருந்தன. படத்துக்குக் கீழே ஒவ்வொரு பலகைக்கும் அடி, அங்குலம் எல்லாம் எழுதியிருந்தது.

எட்டாம் வகுப்போடு நின்ற இங்கிலீஷ் அவருடையது. ஆனால் அளவு புரிந்தது. நாள் முழுக்க ஒளித்து வைத்ததைத் தேடுகிறவருக்கு, எதையுமே ஒளிக்காத ஒரு பொருள் கையில் கிடைத்தால் எப்படி இருக்கும்? அதோடு, அந்தப் படகு தன்னையே நம்பவில்லை. கவிழ்ந்துவிடுவோமோ என்று பக்கத்துக்கு ஒரு காவல் போட்டுக்கொண்டு மிதக்கிறது. இது தனக்கென்றே செய்த படகு என்று அவர் அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

தாள்களை எடுத்துக்கொண்டு நேராகச் சுப்பராயலுவிடம் போனார். சுப்பராயலு தறிக்கு மரவேலை செய்கிற ஆசாரி. இருவரும் ஒரே வகுப்பில் படித்து ஒரே வருஷம் நின்றவர்கள். அருணகிரி திருப்பிப் பார்க்காமல் வாங்கிக்கொள்கிற வேலை ஆரணியில் ஒன்று உண்டென்றால் அது சுப்பராயலுவின் வேலைதான். சுப்பராயலு படத்தை நேராகவும் தலைகீழாகவும் பார்த்தார்.

“இது இன்னாப்பா, தறிதான். நீளச் சட்டம் மூணு, குறுக்குச் சட்டம் ரெண்டு. தண்ணியில ஓடுது, அவ்ளோதான் வித்தியாசம்” என்றார்.

மெட்ராஸிலிருந்து மரைன் பிளைவுட் பதினோரு பலகை லாரியில் வந்தது. தண்ணீரில் பிரியாது என்று கடைக்காரர் சத்தியம் செய்திருந்தார். சத்தியம் செய்தது போதாதா, அருணகிரிக்குச் சந்தேகம் வர? ஒவ்வொரு பலகையிலும் ஒரு மூலையை அறுத்து, பதினோரு துண்டையும் பூங்காவனத்தின் பொங்கல் அண்டாவில் போட்டு மூன்று நாள் வேகவைத்தார். வீடு முழுக்கப் பிசின் நாற்றம். பூங்காவனம் அண்டாவைப் பார்த்துவிட்டு, உப்பு போட்டாச்சா என்று மட்டும் கேட்டாள். மூன்றாம் நாள் ஒரு துண்டுகூடப் பிரியவில்லை. அதற்காக அவர் சந்தோஷப்பட்டாரா, ஏமாந்தாரா என்று சொல்வது கஷ்டம்.

அமாவாசைக்கு ஊரில் தறி ஓடாது. அன்றைக்கு இருவருக்கும் ஓய்வு. அமாவாசையும் ஞாயிற்றுக்கிழமையுமாக வீட்டுக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகையில் வேலை நடந்தது. பலகையை அறுத்து, வளைத்து, பசை தடவி, பித்தளைத் திருகாணி போட்டு இறுக்குவார்கள். ஊர் சும்மா இருக்குமா? கப்பல் கட்டுகிறான் என்று முதலில் சிரித்தார்கள். பிறகு, சிரிப்பதற்கு இதில் என்ன இருக்கிறது, வெள்ளி கடத்தத்தான் என்று பேசிக்கொண்டார்கள். யாரோ மொட்டைக் கடிதம் போட, ஏட்டு ஒருவர் சைக்கிளில் வந்து படகுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். எந்த வழியாகக் கடலுக்குப் போவதாக உத்தேசம் என்று விசாரித்தார். அருணகிரிக்குக் கோபமே வரவில்லை. ஏட்டு சரியாகச் சோதிக்கவில்லை என்றுதான் குறை. மிதவையைத் தட்டிப் பார்க்காமலே போய்விட்டாரே என்றார்.

உட்கார்ந்து பார்ப்பது அவருக்கு ஒரு வழக்கம். அரைகுறையாக நிற்கிற படகில் வாரம் ஒருமுறையாவது ஏறி உட்காருவார். வலது முழங்கால் சின்ன வயதில் அடிபட்டது, மடங்காது. அதனால் எப்போதும் இடது பக்கமாகத்தான் ஏறுவார். இடது மிதவையின் மேல் முழுப் பாரத்தையும் வைத்து மிதித்து, எம்பி உள்ளே விழுவார். படத்தில் அந்த இடத்தில் மிதிக்கச் சொல்லவில்லை, பலகை மெல்லிசு என்று சுப்பராயலு பத்துத் தடவை சொல்லியிருப்பார். பதினோராம் தடவை சொல்லவில்லை.

எண்பத்தொன்று புரட்டாசி. தீபாவளிச் சேலை வந்து குவிகிற நேரம். அருணகிரி மூன்று வாரம் கொட்டகைப் பக்கமே போகவில்லை. அந்த மூன்று வாரத்தில் சுப்பராயலு தனியாக இருந்து இரண்டு மிதவையின் உள்வேலையையும் முடித்து, மேல்பலகை போட்டு மூடிவிட்டார். மூடினால் மூடினதுதான். அறுத்தாலொழிய உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

தீபாவளி முடிந்து அருணகிரி வந்து எண்ணினார். படத்தில் உள்ளபடி ஒரு முழுப் பலகை மிச்சம் இருக்க வேண்டும். இல்லை. கொட்டகையில், கூரையில், மாட்டுத்தொட்டி பின்னால் எங்கும் இல்லை. சுப்பராயலுவிடம் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வரும், பதிலை நம்புவதா வேண்டாமா என்ற பிரச்சினையும் கூடவே வரும். அதனால் தீபாவளிக்குப் பலகாரம் கொடுக்கிற மாதிரி சுப்பராயலுவின் வீட்டுக்குப் போனார். அங்கே சுவரோரம் புதிதாக ஒரு அலமாரி நின்றது, பிளைவுட் அலமாரி. பேச்சுவாக்கில் அதை விரலால் தொட்டு மோந்தும் பார்த்தார். டீத்தூள் வாசனை அடித்தது. அப்போதுதான் டீ போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை இரண்டு மிதவைகளையும் வண்டியில் ஏற்றிக் கடைக்கே கொண்டுபோனார். பக்கத்து மண்டியில் நெல் மூட்டை நிறுக்கிற பெரிய தராசு உண்டு. சேலை கொண்டுவந்த நெசவாளிகள் இருபது பேர் வாசலில் இருந்தார்கள். ஆள் அனுப்பிச் சுப்பராயலுவையும் வரவழைத்தார். வலது மிதவை பதினெட்டு கிலோ. இடது மிதவை இருபத்துமூன்று.

அருணகிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தத் துடைப்புக்கு என்ன அர்த்தம் என்று வாசலில் இருந்த இருபது பேருக்கும் தெரியும். நல்ல பலகை ஆசாரி வீட்டுக்குப் போய்விட்டது. அதற்குப் பதில் மட்டமான கனத்த பலகையும், மரத்தூளைப் பசையில் குழைத்த மக்குமாக உள்ளே அடைத்து மூடியிருக்கிறது. சேலையில் கஞ்சி, படகில் மக்கு. அவர் வாயைத் திறந்து திருடன் என்று சொல்லவில்லை. “அஞ்சு கிலோ கூடுது” என்றார். ஆரணியில் அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

சுப்பராயலு தராசையே பார்த்துக்கொண்டு நின்றார். முகம் கறுத்துப் போயிற்று.

“வாயால ஒண்ணும் சொல்லமாட்டேன்” என்றார். “ரம்பம் தரேன். அறுத்துப் பாத்துக்கோ.”

அருணகிரி அறுக்கவில்லை. மூன்று வருஷம் பார்த்துப் பார்த்துக் கட்டியதில் ரம்பத்தை வைக்க மனம் வரவில்லை. எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்கிறவர், பிரித்துப் பார்க்க வேண்டிய ஒன்றை மட்டும் பார்க்காமல் விட்டார். தராசு சொன்னது போதும் என்று இருந்துவிட்டார். எனக்கு அவர்மேல் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

அருணகிரி கண்ணாடி துடைத்த ஆளுக்கு யார் தறி வேலை கொடுப்பார்கள்? இரண்டு மாதம் சுப்பராயலு உளியைத் தீட்டித் தீட்டி வைத்துவிட்டு, பொங்கலுக்கு முன்னால் களம்பூர் போய் அரிசி மில் ஒன்றில் சல்லடைச் சட்டம் அடிக்கிற வேலையில் சேர்ந்தார். அலமாரியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். ஏற்றாமல் விட்டுப் போனால்தானே ஆச்சரியம் என்றார் அருணகிரி. அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அண்ணனைப் பேசிவிட்டுச் சாப்பிட முடியவில்லையோ என்று பூங்காவனம் கேட்டாள். சுப்பராயலுவை அவள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள்.

அதற்கப்புறம் மழை ஏமாற்றியது. எண்பத்திரண்டிலும் மூன்றிலும் ஏரிக்குள் ஆடு மேய்ந்தது, நாலிலும் படகு மிதக்கிற அளவுக்குத் தண்ணீர் வரவில்லை. படகு கொட்டகையிலேயே கிடந்தது. நடு உடலில் கோழி முட்டையிட்டது. பூங்காவனம் காடாத் துணியில் தைத்த பாயை மடித்து அண்டாவுக்குள் வைத்தாள். ஊரிலும் படகுப் பேச்சு அடங்கியது. அருணகிரி மட்டும் இடது மிதவையைக் கடக்கும்போதெல்லாம் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டுவார். கெட்டியாகத்தான் கேட்கும். மக்கு இறுகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்.

எண்பத்தைந்து ஐப்பசி, கார்த்திகையில் வானம் பிளந்து ஊற்றியது. களம்பூர் சாலையில் இருக்கிற ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாட்டுவண்டியில் மூன்று உடலையும் தனித்தனியாகக் கொண்டுபோய், கரையில் சட்டம் பூட்டி, தண்ணீரில் விட்டார்கள். மிதந்தது. மீன் குத்தகைக்காரர் ஓடிவந்து, உள்ளே வலை இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். அருணகிரி வழக்கப்படி இடது மிதவையை மிதித்து ஏறினார். பூங்காவனம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். பாய் விரிந்ததும் காற்று பிடித்துக்கொண்டது. இருபது வருஷத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்து அவள் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவருக்கு ஏரியின் மேல்பக்கம் தெரியும், அடிப்பக்கம் தெரியாது. தண்ணீருக்குள் முழுகியிருந்த பனை மரத்து அடிக்கட்டையில் இடது மிதவை போய் மோதியது. படார் என்று சத்தம். அருணகிரி எட்டிப் பார்த்தார். வெளிப்பலகை முழ நீளத்துக்குக் கிழிந்திருந்தது. மக்கு கரையப் போகிறது, மிதவை நிரம்பப் போகிறது, இடது பக்கமாகக் கவிழப் போகிறோம் என்று மனதுக்குள் வரிசையாக ஓடியது. அவருக்கும் நீச்சல் தெரியாது, அவளுக்கும் தெரியாது. பூங்காவனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படகு கவிழவில்லை. கரைக்கு வந்து சேர அரைமணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் மிதவை ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை.

கொட்டகைக்குக் கொண்டுவந்ததும் அவரே ரம்பத்தை எடுத்தார். மேல்பலகையை அறுத்துத் திறந்தார். உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. மக்கும் இல்லை. மேல்பலகைக்கு உள்பக்கமும், மிதவையின் அடியிலும் பக்கத்திலும் இரண்டாவதாக ஒரு அடுக்குப் பலகை, ஓரம் தெரியாமல் இழைத்து ஒட்டியிருந்தது. ஒரு மூலை அறுபட்டிருந்தது. அண்டாவில் வேகவைக்க அவரே அறுத்த மூலை. காணாமல் போன பதினோராவது பலகை நான்கு வருஷமாக அவர் தட்டித் தட்டிப் பார்த்த இடத்திலேயே இருந்திருக்கிறது. ஆசாரிகள் பலகைக்குப் பலகை அடையாளம் எழுதி வைப்பார்கள் அல்லவா, அப்படி அதிலும் பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தது. இடது, உள்பக்கம், அருணகிரி மிதிக்கிற பக்கம்.

வேறு எந்த ஊர்க்காரராக இருந்தாலும் காணாத பலகையையும் கூடின எடையையும் ஒன்றாக வைத்துப் பார்த்திருப்பார். பட்டுத் தராசிலேயே வளர்ந்தவருக்கு, கூடினது என்றால் களவு என்பதைத் தவிர வேறு அர்த்தம் தெரியவில்லை. பூங்காவனம் அந்த வரியை எழுத்துக்கூட்டிப் படித்தாள். படித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எழுத்து இருந்த பலகைத் துண்டை அறுத்தெடுத்து, தோள்துண்டில் சுற்றிக்கொண்டு அவர் களம்பூர் பஸ் ஏறினார். மில் குடியிருப்பில் சுப்பராயலு இருந்தார், தலை நரைத்து, தவிட்டுத் தூசி படிந்து. வா என்று சொன்னார், உட்கார் என்று சொல்லவில்லை. அதே அலமாரி அங்கே இருந்தது. சுவரைவிட்டு நகர்த்தி வைத்திருந்ததால் பின்பக்கம் தெரிந்தது. ஏதோ எஸ்டேட்டின் பெயர், கீழே டீ என்று கறுப்பு முத்திரை. டீத்தூள் பெட்டியைப் பிரித்துச் செய்த அலமாரி.

அருணகிரி பலகையை நீட்டினார். சுப்பராயலு அதை வாங்கவில்லை.

“எனக்கு இன்னாத்துக்குக் காட்ற? உள்ள வெச்சவனுக்குத் தெரியாதா?” என்றார். “எந்தத் தராசுல நிறுத்தியோ, அங்க போயிக் காட்டு.”

அருணகிரி காட்டினார். அடுத்த திங்கட்கிழமை, சேலை வருகிற நேரம், மண்டித் தராசுக்குப் பக்கத்தில் நின்று பலகையைத் தூக்கிப் பிடித்து, பென்சிலில் எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்தார். தப்பு என்மேல், சுப்பராயலு மேல் இல்லை என்று சொன்னார். சிலர் சிரித்தார்கள். கெங்கம்மாள் என்கிற நெசவுக்காரி மட்டும் எழுந்து வந்தாள். “போன வருசம் எஞ்சேலையில கஞ்சின்னு சொன்னீங்களே, அதயும் இப்டித்தான் சொன்னீங்களா?” என்று நிதானமாகக் கேட்டாள்.

அருணகிரி கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமலே திரும்ப மாட்டிக்கொண்டார். கேள்வி முதலாளி காதுக்கும் போயிற்று. தை பிறக்குமுன் அவரைச் சேலை பார்க்கிற இடத்திலிருந்து எடுத்து, உள்ளே நூல் பிரிக்கிற இடத்தில் உட்கார வைத்தார்கள். அங்கே எடை வேலை கிடையாது.

மிதவையை அவரே ஒட்டினார். ஆசாரி வேலை தெரியாத கை, பசை வழிந்து கட்டிகட்டியாக நின்றது. தை அமாவாசைக்கு ஏரியில் இன்னும் தண்ணீர் இருந்தது. சுப்பராயலுவுக்கு ஆள் அனுப்பவில்லை, அனுப்ப முகமில்லை. பூங்காவனம்தான் ஒரு கார்டு போட்டிருக்கிறாள். அருணகிரி சட்டம் பூட்டிக்கொண்டிருக்கும்போது சாலையிலிருந்து சுப்பராயலு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கி வந்தார். கேரியரில் மில் தராசு ஒன்றைக் கட்டியிருந்தார், மூட்டை மாட்டுகிற கொக்கித் தராசு. புளியமரக் கிளையில் அதைத் தொங்கவிட்டார்.

“மாட்டு” என்றார்.

அருணகிரி இடது மிதவையைப் பூட்டிலிருந்து கழற்றித் தூக்கி மாட்டினார். மீன் குத்தகைக்காரரும் இன்னும் நாலு பேரும் கரையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். முள் ஆடி ஆடி நின்றது. சுப்பராயலு கிட்டே போய்ப் பார்த்தார்.

“இருவத்தஞ்சு. என் வேலைக்கு மேல ரெண்டு கிலோ கூடுதே.”

“கூடத்தான் கூடுது” என்றார் அருணகிரி. சைக்கிளில் தொங்கிய பையில் ரம்பத்தின் பிடி வெளியே தெரிந்தது. “ரம்பம் வெச்சிருக்கியே. அறுத்துப் பாத்துக்கோ.”

சுப்பராயலு வழிந்து காய்ந்திருந்த பசையை விரலால் தடவினார். விரல் முட்டியால் தட்டிப் பார்க்கக் கையை ஓங்கியவர், தட்டாமல் இறக்கிக்கொண்டார். மிதவையைக் கொக்கியிலிருந்து எடுத்து, அருணகிரியோடு சேர்ந்து சட்டத்தில் பூட்டினார். படகைத் தண்ணீரில் தள்ளினார்கள்.

“அறுக்க வேணாம்” என்றார் சுப்பராயலு. அந்த இடது மிதவையையே மிதித்து ஏறி உள்ளே உட்கார்ந்து கையை நீட்டினார். “ஜல்தி ஏறு. காத்து நின்னுடப் போவுது.”